வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு திராஸ் குளிரைத் தாங்குமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். டிப்ளமா சிவில் முடித்த அவருடைய மகனுக்கு, காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா சுரங்கப்பாதை வேலையில் ஓர் ஒப்பந்ததாரரிடம் இடம் கிடைத்திருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை லடாக்கிலுள்ள திராஸ் பக்கத்து முகாமில் தங்க வேண்டும். "அங்கே மைனஸ் 25 வரை போகுமாம். நம் ஊர் வெயிலில் வளர்ந்த பிள்ளையின் இரத்தம் அதைத் தாங்குமா? கொஞ்சம் ரம் குடித்தால் சமாளிக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். கடுகெண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்கிறார் இன்னொருவர். நான் என்னதான் கொடுத்தனுப்புவது?" என்பது அவர் எழுதியது. பையில் என்ன வைப்பது என்பதை விட, வெப்ப பூமியில் பிறந்த உடம்புக்குக் குளிரில் பிழைக்கும் தகுதி உண்டா என்பதுதான் அந்த அம்மாவின் மனத்தை அரிக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக 22 ஆண்டுகள் பணிபுரிந்தவன். அதில் இரண்டு குளிர்காலங்களைத் திராஸ் பகுதியிலும், ஒரு பணிக்காலத்தைச் சியாச்சின் அடிவார முகாமிலும் கழித்தேன். இப்போது கணியம்பாடி அருகே என் கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கம் ராணுவத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பனியில் காவல் நின்று, கைகால் குறையாமல் ஊர் திரும்பியிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கைப்பட்ட அனுபவம் முதலுதவி வரைதான். அதற்கு மேற்பட்டவை என் மேலதிகாரிகளான மருத்துவர்களிடம் கற்றவை.

இரத்தம் தாங்குமா என்றால், அந்தக் குளிரை வெறும் உடம்போடு தாங்கும் இரத்தம் யாருக்குமே இல்லை. திராஸில் பிறந்து வளர்ந்தவரின் உடல் உள்வெப்பமும் 37 டிகிரிதான், குடியாத்தத்துக்காரரின் உள்வெப்பமும் 37 டிகிரிதான். இருவரில் எவருக்கும் அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிடும். அங்குள்ளவர்கள் பிழைத்திருப்பது தடித்த மண்சுவர் வீட்டாலும், கம்பளியாலும், எப்போது வெளியே போகக்கூடாது என்ற அறிவாலும். பிறவியில் சிறிது வேறுபாடு இருக்கக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன். பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ராணுவங்களில் ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களுக்குப் பனிக்கடி, அதாவது கடுங்குளிரில் தோலும் தசையும் உறைந்துபோவது, கூடுதலாக ஏற்பட்டது பதிவாகியுள்ளது. அதை அப்படியே நம் மக்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் தம்பியின் விரல்கள் மற்றவர் விரல்களைவிடச் சற்று முன்னதாகவே மரத்துப்போகலாம் என்று எண்ணி முன்கூட்டியே எச்சரிக்கையாக இருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

நம்மவர்களுக்கு உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்து நடுப்பகலில் செருப்பில்லாமல் பாலாற்று மணலில் இறங்கக்கூடாது என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தலை கிறுகிறுத்தால் நிழலில் உட்கார வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். வெயிலின் அடையாளங்கள் நம் உடம்பில் ஊறிக் கிடக்கின்றன. குளிரைப் பற்றி அப்படி ஓர் ஊறிய அறிவு நமக்குக் கிடையாது. மார்கழியில் புட்டியில் தேங்காயெண்ணெய் உறைவதும், ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் சால்வை தேடுவதுமே நாம் கண்ட குளிர். அதனால் உடம்பு எச்சரிக்கும்போது அது எச்சரிக்கை என்றே நமக்குப் புரிவதில்லை. அந்த எச்சரிக்கைகளுள் மிகக் கொடியது, வலி நின்றுபோவது.

ஒரு பிப்ரவரி மாலை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் எம்.ஐ. அறைக்கு (முகாமின் மருத்துவப் பரிசோதனை அறை) வந்தான். வேறு எதற்கோ வந்தவன், இருமல் மருந்துக்கு என்று நினைவு. போகிற போக்கில், "காலையிலிருந்து கால் விரல் ரொம்ப வலிச்சுது அண்ணே, மத்தியானத்துலேர்ந்து வலி நின்னுடுச்சு, சரியாயிடுச்சு" என்றான். நான் மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். இடது காலின் பெருவிரலும் அடுத்த விரலும் மெழுகுவத்தியைப் போல வெளுத்துக் கிடந்தன. நகத்தால் தட்டினால் மரத்தைத் தட்டுகிற ஓசை. அவன் குனிந்து பார்த்தான், தன் விரல்தானா என்று சந்தேகப்படுகிறவனைப் போல. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர் விளாவி, என் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அவன் காலை உள்ளே வைத்தோம். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு உயிர் திரும்பத் தொடங்கியதும் அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் கொப்புளங்கள் எழுந்தன. பல வாரம் கழித்து இரண்டாம் விரலின் நுனி மட்டும் கறுத்து உதிர்ந்தது, மற்றதெல்லாம் பிழைத்தது. வலித்த காலையிலேயே வந்திருந்தால் அந்த நுனியும் இருந்திருக்கும்.

ஆகவே தம்பியிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் செய்தி இது: குளிரில் விரலோ மூக்கோ காதோ வலித்தால் உயிரோடு இருக்கிறது என்று பொருள், வலித்து, பிறகு வலி தானாக நின்றால் அந்தக் கணமே வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். மூக்கும் கன்னமும் வெளுப்பது தனக்குத் தெரியாது, எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். எனவே வெளியில் இருக்கும்போது இருவர் இருவராக, அடிக்கடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். வெளுப்பு மேலோட்டமாக இருக்கையிலேயே வெறுங்கையை வைத்து அழுத்திக்கொண்டாலோ, விரல்களை அக்குளில் செருகிக்கொண்டாலோ சில நிமிடங்களில் நிறம் திரும்பிவிடும். தேய்க்க மட்டும் கூடாது. பனியை எடுத்துத் தேய்ப்பது நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில், 1812-ல், அவருடைய படை மருத்துவர் லாரே பரிந்துரைத்த முறை. அது தவறு என்பது உறுதிப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் மக்கள் வாயில் நின்றுகொண்டிருக்கிறது. உறைந்த தசைக்குள் பனித்துகள்கள் இருக்கும். தேய்த்தால் அவை உள்ளிருந்தே திசுவைக் கிழிக்கும். நெருப்பருகே நீட்டுவதும் கூடாது, ஏனெனில் மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, தீப்புண் வந்த பிறகுதான் தெரியும்.

ஆழமாக உறைந்துவிட்டால் மிதமான வெந்நீரில் அரை மணி நேரம் வரை வைத்து இளக்க வேண்டும். எனக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த சூடு 40 முதல் 42 டிகிரி. இப்போதைய வழிகாட்டுதல்கள் 37 முதல் 39 டிகிரி என்கின்றன, வலி குறைவு என்பதே காரணம். புதியதையே பின்பற்றுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இளக்கிய பிறகு அந்தக் கால் மறுபடியும் உறைய வாய்ப்பிருந்தால், அதாவது இன்னும் பனியில் நடந்துதான் முகாமுக்குப் போக வேண்டும் என்றால், இளக்காமல் அப்படியே நடந்து போவதே மேல். இளகி மீண்டும் உறைந்த திசு பெரும்பாலும் பிழைப்பதில்லை. அடுத்து மருத்துவமனை. முதல் ஓரிரு நாட்களுக்குள் போய்ச் சேர்ந்தால் இரத்தக் குழாய்களைத் திறக்கும் மருந்துகள் இன்று உண்டு. அவற்றில் ஒன்றான இலோப்ரோஸ்ட்டுக்கு அமெரிக்காவில் 2024-ல் ஒப்புதல் கிடைத்தது. கறுத்த விரலைப் பார்த்தவுடனேயே வெட்டிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். எது பிழைக்கும், எது பிழைக்காது என்பது தெளிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அறுவை மருத்துவர்கள் காத்திருக்கவே விரும்புவார்கள்.

இனி உடை. வெப்பமானியில் காட்டும் எண்ணைவிடக் காற்றும் ஈரமும்தான் ஆளை வீழ்த்துகின்றன. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 போலத் தாக்கும். அந்த நிலையில் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் முகம் உறையத் தொடங்கலாம். ஈரம் அதைவிட மோசம், ஏனெனில் தண்ணீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தம்பியின் வேலையில்தான் இந்த ஆபத்து எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் உட்பகுதி குளிர்காலத்தில் வெளியைவிட வெதுவெதுப்பாக இருக்கும்; கூரையிலிருந்து நீர் சொட்டும்; வேலை செய்பவருக்கு வியர்க்கும். அந்த ஈர உடையோடு வேலை முடிந்து வெளிக்காற்றில் வந்து வண்டிக்காக நிற்கும் பத்து நிமிடம்தான் கண்டம். உள்ளே போனதும் மேலாடையில் ஒன்றிரண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும், வியர்க்க விடக்கூடாது. வெளியே வருமுன் உள்ளாடையையும் சாக்ஸையும் உலர்ந்ததாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குச் சோம்பல் படாதவன் அந்த நான்கு மாதத்தையும் நல்லபடியாகக் கழித்துவிடுவான்.

நம் ஊரில் உடலோடு ஒட்டி நாள் முழுதும் இருப்பது பருத்தி பனியன். வெயிலுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. அங்கே அதுவே எதிரி. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். நனைந்த பருத்தி வெப்பம் காக்காது. தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டரோ ஃபிளீஸோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று அடுக்காக இருக்க வேண்டும். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது. வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம், அடுக்குகளுக்கு இடையே சிக்கிய காற்றுதான் உண்மையான போர்வை. கைக்கு ஐந்து விரல் உறையைவிட, விரல்களெல்லாம் ஒரே பையில் கிடக்கும் உறை சூடாக இருக்கும். பூட்ஸ் இறுக்கமாக இருக்கவே கூடாது. முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு இதுதான்: குளிருகிறதே என்று இரண்டு ஜோடித் தடித்த சாக்ஸைப் பழைய அளவு பூட்ஸுக்குள் திணித்தேன், இரத்த ஓட்டம் நெரிபட்டு, விரல்கள் சிவந்து வீங்கி, இரவெல்லாம் அரித்தன. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலோடு பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நனைந்து காய்ந்த தோல் சுருங்கும் என்று. காலையில் சரியாக இருந்த காலணி மாலையில் நெரிப்பதும் உண்டு.

பனிக்கடி விரலை வாங்கும். உயிரை வாங்குவது உள்வெப்பம் இறங்குவது. தொடக்கத்தில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நடுக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது உடம்பு தானே அடுப்பு மூட்டுவது. பேச்சு குழறுவதும், கைகள் ஜிப்பைப் பிடிக்கத் தடுமாறுவதும், நடை தள்ளாடுவதும், சிடுசிடுப்பதும், "என்னை விட்டுடுங்க, கொஞ்சம் உட்கார்றேன்" என்பதும் அடுத்த படி. உள்வெப்பம் 32 டிகிரியை ஒட்டி இறங்கும்போது நடுக்கமே நின்றுவிடும். அது தேறியதன் அடையாளம் அன்று, அடுப்பு அணைந்ததன் அடையாளம். கடைசிக் கட்டத்தில் சிலர் புழுங்குகிறது என்று உடைகளைக் களைவதும் உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், முதலில் மங்குவது அறிவுதான். பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டது தெரியாது. அதனால்தான் தனியாகப் போகக்கூடாது.

அப்படி ஒருவரைக் கண்டால் காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, தரைக்கும் அவருக்கும் நடுவே தடிப்பாக எதையாவது விரித்து, தலை முதல் கால் வரை சுற்றிவிட வேண்டும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வைக்கலாம். கைகால்களைச் சூடேற்றத் தேய்க்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் தரலாம். நடக்கவைக்காமல் படுக்கவைத்தே, முட்டை மூட்டையைத் தூக்குவது போல மெதுவாகத் தூக்க வேண்டும், ஏனெனில் மிகவும் குளிர்ந்த இதயம் ஓர் உலுக்கலிலேயே தாளம் தவறி நின்றுவிடலாம். மூச்சும் நாடியும் இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடவும் கூடாது. 1999-ல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் நீரில் சிக்கிய அன்னா போகன்ஹோல்ம் என்ற மருத்துவரின் உள்வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியிருந்தது. மருத்துவமனையில் மெல்ல மெல்லச் சூடேற்றி அவரைப் பிழைக்கவைத்தார்கள்.

ரம்மைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே காக்க வேண்டிய வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறுகிறது. அந்த இழப்பையே நாம் சூடு என்று உணர்கிறோம். நடுக்கமும் மட்டுப்படும், புத்தியும் மழுங்கும். ராணுவத்தில் ரம் கொடுக்கிறார்களே என்று உங்கள் உறவினர் சொல்லக்கூடும். கொடுப்பது உண்மைதான், ஆனால் குளிருக்கு மருந்தாக அதை எந்த மருத்துவ அதிகாரியும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை. புகைபிடிப்பதும் கெடுதல், அது விரல் நுனிக் குழாய்களைச் சுருக்கிவிடும். எண்ணெய் தடவினால் தோல் வெடிப்பு குறையலாம், பனிக்கடியைத் தடுக்காது. பின்லாந்தில் ராணுவப் பயிற்சியாளர்களிடம் செய்த ஆய்வுகளில், முகத்துக்குக் களிம்பு பூசியவர்களுக்குப் பனிக்கடி கூடுதலாகவே காணப்பட்டது. சூடாக இருப்பது போன்ற பொய்யான உணர்வு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காரணம் எவ்வளவு சரி என்பது வேறு, களிம்பு காப்பாற்றவில்லை என்பது தெளிவு.

குளிரைவிட அதிகமாக நான் அஞ்சுவது குளிருக்காக மூட்டும் நெருப்புக்கு. அங்கே அறைக்கு நடுவில் புகாரி என்னும் இரும்பு அடுப்பு இருக்கும், மண்ணெண்ணெயிலோ விறகிலோ கரியிலோ எரியும். குளிர் புகக்கூடாது என்று கதவு, சன்னல், புகைக்குழாய் இடுக்கு எல்லாவற்றையும் துணியால் அடைத்துவிட்டுத் தூங்கினால், கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு வாசனையில்லை, நிறமில்லை. தலைவலியும் குமட்டலும்தான் அடையாளம். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. படுக்குமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஒரு கையகலமாவது சன்னல் திறந்திருக்க வேண்டும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு எந்த நிலையிலும் தூங்கக்கூடாது. இதில் தம்பியிடம் நீங்கள் சத்தியமே வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று: கடுங்குளிரில் பெட்ரோல் உறையாமல் அதே குளிரோடு திரவமாக இருக்கும், அது வெறுங்கையில் சிந்தினால் நொடியில் பனிக்கடி வரும். இரும்புக் கருவிகளையும் வெறுங்கையால் தொடக்கூடாது.

திராஸ் 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. சோஜிலா கணவாய் இன்னும் மேலே. அந்த உயரத்துக்குப் புதிதாகப் போகிறவர்களை ராணுவத்தில் முதல் ஆறு நாட்கள் ஓய்வும் சிறு நடையுமாக வைத்துத்தான் வேலைக்கு விடுவோம். ஒப்பந்த வேலையில் அத்தனை நாள் விடுவார்களா என்பது வேறு விஷயம். முதல் இரண்டு மூன்று நாளாவது கடின வேலை வேண்டாம் என்று தம்பி கேட்டுப் பெற வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ, தள்ளாட்டம் வந்தாலோ அது சளி அல்ல, உயரத்தால் வரும் நோய். அன்றைக்கே தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும்.

அங்கே தாகம் தெரியாது, ஆனால் உடம்பு வறண்டுகொண்டே இருக்கும்; சிறுநீர் அடர் மஞ்சளாக இறங்கினால் தண்ணீர் போதவில்லை. பனியை அள்ளித் தின்னக்கூடாது, அதை உருக்க உடம்பு தன் சூட்டைச் செலவழிக்கும். பசியைத் தள்ளிப் போடவும் கூடாது. படுக்குமுன் நாலு வேர்க்கடலை உருண்டை தின்றுவிட்டுப் படுத்தால் விடியற்காலை நடுக்கம் குறைவதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். சுக்குக் காபி உள்வெப்பத்தைப் பெரிதாக உயர்த்திவிடாது. என்றாலும் தண்ணீரும் வெல்லமும் மன ஆறுதலும் சேர்ந்தே உள்ளே போவதால் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள்.

எனவே உங்கள் பையில் கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடியும், தெர்மல் மூன்று ஜோடியும், காதையும் கழுத்தையும் மூடும் குரங்குக் குல்லாவும், பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும், கடலை உருண்டையும், சுக்குப் பொடியும் போதும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பழுக்கவைத்துவிடும் என்பதால் கண்ணாடியை அலங்காரப் பொருளாக எண்ண வேண்டாம். பூட்ஸை இங்கே வாங்க வேண்டாம். ஸ்ரீநகரில், மாலை வேளையில், தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரல்களை அசைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, கால் விரல் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால், சாக்ஸைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல் என்று கேளுங்கள். அவர் பார்த்துவிட்டு வரும் வரை இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள்.